கரன்ட் போனா ஜெனரேட்டர் ஓடும்... டீசல் டேங்கை யார் பார்ப்பது?

ராத்திரி 11 மணிக்கு கரன்ட் போகிறது. சில விநாடிகளில் ஜெனரேட்டர் உறுமுகிறது. லிஃப்ட் ஓடுகிறது, வைஃபை திரும்ப வருகிறது. அதற்கான டீசல் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்க்கிங், தண்ணீர் லாரி, தெரு நாய் என எல்லாவற்றுக்கும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுகிறோம். பேஸ்மென்ட்டில் இருக்கும் பல நூறு லிட்டர் எரிபொருளை மட்டும் வாட்ச்மேன் தலையில் கட்டிவிட்டோம். இது சரியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பு எரிபொருள். ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமல், எந்தக் கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. பெரும்பாலான குடியிருப்புகள் இந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால், லைசென்ஸ் வேண்டாம் என்பதை 'கவனிக்கவே வேண்டாம்' என்று நாம் புரிந்துகொண்டதுதான் பிரச்சினை.

'டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பிடிக்காதே' என்பார்கள். உண்மைதான். ஆனால், இந்தியத் தர விதிப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும். மே மாதச் சென்னையில், காற்றோட்டமில்லாத ஜெனரேட்டர் அறை அதைத் தாண்டுவது சகஜம். அங்கேயே பழைய பெயின்ட் டப்பாவும் அட்டைப் பெட்டியும் குவிந்திருந்தால்?

கணக்கு எளிது

கண்காணிக்க பெரிய சென்சார் எதுவும் வேண்டாம். ஒரு டிப் ஸ்டிக், ஒரு நோட்டு போதும். உதாரணமாக, உங்கள் ஜெனரேட்டர் வழக்கமான லோடில் மணிக்கு 15 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரம் ஓடினால் 60 லிட்டர் குறைய வேண்டும். 90 குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது யாரோ எடுக்கிறார்கள். கசிந்தால் டீசல் மண்ணில் இறங்கி நம்ம போர்வெல் தண்ணீருக்கே வரலாம்.

டேங்க்கைச் சுற்றி, முழு டீசலும் கொட்டினாலும் தாங்கும் அளவுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். பக்கத்தில் மணல் வாளியும், எண்ணெய்த் தீக்கான தீயணைப்பானும் இருக்க வேண்டும். எரியும் டீசல் மேல் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும். தண்ணீரைவிடக் கனமில்லாதது என்பதால், டேங்க்குக்குள் சேரும் ஈரம் அடியில் தங்கும். அங்கே துருவும் கிருமிகளும் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். அவ்வப்போது அடி வால்வைத் திறந்து அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால், புயல் ராத்திரியில்தான் ஜெனரேட்டர் காலை வாரும்.

2015 வெள்ளத்தில் சென்னையில் பல பேஸ்மென்ட் ஜெனரேட்டர்கள் மூழ்கியதை மறந்துவிட்டோமா? புதிய டேங்க் வைப்பதாக இருந்தால், தரைமட்டத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'டீசல் லாக் புக் எங்கே?' பதில் வரவில்லை என்றால், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.