கொப்பைக் கழித்தால் போதாதா?

மே மாதம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்துப் பத்திரிகைகளின் உள்பக்கத்தில் அந்த அறிவிப்பு வந்துவிடும். இடவப்பாதி மழை நெருங்குகிறது. தனியார் நிலத்தில் ஆபத்தான நிலையில் நிற்கும் மரங்களையும் கிளைகளையும் உரிமையாளர்கள் சொந்தச் செலவில் வெட்டி மாற்ற வேண்டும். தவறினால் வரும் சேதத்துக்கு அவர்களே பொறுப்பு. சில ஆண்டு கலெக்டர் பெயரில் வரும், சில ஆண்டு உள்ளாட்சிச் செயலாளர் பெயரில் வரும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் துணைக்கு அழைத்திருப்பார்கள். அடுத்த வாரமே எங்கள் பக்கத்துச் சந்துகளில் மெஷின் வாள் இரையத் தொடங்கிவிடும்.

பயம் பொய்யில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஓட்டு வீட்டின் மேல் ஒரு பலா சாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உயிருக்கு முன்னால் மரம் பெரிதில்லைதான். ஆனால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று யார் சொன்னது?

1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மரமோ, அதன் கிளையோ, ஏன், அதன் காயோ விழுந்து ஆளுக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து வரும் என்று செயலாளர் கருதினால், உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நோட்டீஸில் அவர் கேட்கக்கூடியவை மூன்று: மரத்தை இழுத்துக் கட்டிப் பலப்படுத்துவது, கிளைகளைக் கழிப்பது, அடியோடு வெட்டுவது. உரிமையாளர் செய்யாவிட்டால் செயலாளரே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். சட்டம் எழுதியவர்கள் வெட்டுவதைக் கடைசியில்தான் வைத்தார்கள். நடைமுறையில் முதல் இரண்டும் எங்கே போயின? நோட்டீஸ் கையில் கிடைத்தவர் தடி வியாபாரியைத்தான் கூப்பிடுகிறார்.

அதற்குக் காரணம் மனிதர்களின் கல்நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை. கணக்குதான் காரணம். உயரமான மரத்தில் ஏறிக் கொப்பு கழிப்பவருக்கு நல்ல கூலி கொடுக்க வேண்டும், கழித்ததை அள்ளிக் கொண்டுபோக வண்டிக்கும் கொடுக்க வேண்டும். அடியோடு வெட்டினாலோ, அயினியும் பலாவும் தேக்கும் நல்ல விலைக்குப் போகும். வியாபாரியே ஆளும் லாரியும் கொண்டுவந்து, பணமும் தந்துவிட்டுப் போவார். மரத்தைக் காப்பாற்றுகிறவர் கைக்காசை இழக்கிறார், வெட்டுகிறவர் சம்பாதிக்கிறார். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு வீட்டுக்காரரை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவரிடம் பசுமை பேசுவது நியாயமே இல்லை.

போன வருஷம் எங்கள் பின்வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே மதிலை ஒட்டி ஓர் அயினி. ஒரு பெரிய கொப்பு அடுத்த வீட்டு ஓட்டின் மேல் நீண்டு கிடந்தது. புகார் போயிற்று, நோட்டீஸ் வந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. மரத்தை விற்றுவிட முடிவு செய்திருந்தார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த மரமேறி அண்ணாச்சி ஒருவர் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, மரத்த முறிக்காண்டாம். பாரமெல்லாம் இந்தப் பக்கந்தான் கெடக்கு. ரெண்டு கொப்ப எறக்கினா போதும், நிக்கும்.”

பிறகு அவர் வேலை செய்ததை மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். முதலில் கழிக்க வேண்டிய கொப்பில் வடம் கட்டி, வடத்தை மேலே இருந்த கவையில் போட்டுக் கீழே ஒருவரிடம் பிடிக்கக் கொடுத்தார். தாய்த்தடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் முதலில் வாளை வைத்துக் கொஞ்சம் அறுத்தார். அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தார். கொப்பு முறிந்து வடத்தில் தொங்கியது. ஓர் ஓடுகூட உடையாமல் தரைக்கு இறங்கியது. அடியில் முதலில் அறுக்காமல் விட்டிருந்தால் கொப்பின் கனம் தாய்த்தடியின் பட்டையைக் கோவணம்போல உரித்துக்கொண்டு வந்திருக்கும். கடைசியாக, மீந்திருந்த குச்சத்தைக் கழித்தார். கொப்பு பிறக்கும் இடத்தில் வளையம்போல ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டுவைத்து அதற்கு வெளியே அறுத்தார். அந்த வீக்கம்தான் புதுப்பட்டை வளர்ந்து வெட்டுக்காயத்தை மூடும். அதையும் சேர்த்து வழித்துவிட்டால் காயம் மூடாது, நீர் இறங்கி உள்ளே உளுத்துப்போகும். அந்த அயினி இந்த மழைக்கும் நின்றது.

இதற்கு நேர் எதிரானது ஊரெல்லாம் நடக்கும் மொட்டையடிப்பு. உச்சியை வெட்டிவிட்டால் மரம் அடங்கிவிடும் என்று நம்புகிறோம். மொட்டையடித்த மரம் வெட்டுக்குக் கீழே கொத்தாகத் தளிர்விடும். அந்தக் கிளைகளுக்கு உள்மரத்தில் பிடிப்பு கிடையாது. பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டி நிற்கும். நாலைந்து வருஷத்தில் அவை கனத்து, ஒரு காற்றில் பிய்ந்து விழும். ஆபத்தைப் போக்கக் கழித்த மரம் முன்னைவிட ஆபத்தாக நிற்கும். மின்வாரியக்காரர்கள் மழைக்கு முன்னால் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும்போதும் ஒரு பக்கம் மட்டும் கழித்துப் பாரத்தை மறுபக்கம் ஏற்றிவிடுகிறார்கள். போதாததற்கு, மதிலுக்கு வானம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை முழுக்க அறுக்கிறோம். தடி வரைக்கும் இன்டர்லாக் ஓடு பதிக்கிறோம். பத்து வருஷம் கழித்து அதே மரம் சாய்கிறது என்று புகார் எழுதுகிறோம்.

அனுமதி வாங்காமல் வெட்டக்கூடாது என்று சட்டம் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். மும்பையில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடகத்தில் 1976, டெல்லியில் 1994: அங்கெல்லாம் சொந்த வளவில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தாஜ்மஹாலைச் சுற்றிய பாதுகாப்பு மண்டலத்தில் தனியார் நிலத்தில் வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அபராதம் விதித்தது. கேரளம் வேறு வழியில் போயிற்று. 2005ஆம் ஆண்டுச் சட்டம் காடல்லாத நிலத்தில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்க வந்தது. சந்தனம் நீங்கலாக, தன் நிலத்து மரத்தை வெட்டும் உரிமையைப் பொதுவாக உரிமையாளருக்கே கொடுத்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கும் அரசு பதித்துக்கொடுத்த பட்டய நிலத்துக்கும் கட்டுப்பாடுகள் தனி. தலைநகரத்தில் தாத்தா நட்ட மாமரத்தை நாளைக் காலையில் வெட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2018இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்த அரசு, நகரத்துப் பலாமரத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

ஆனாலும் டெல்லி மாதிரி அனுமதிச் சட்டம் இங்கே வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அந்த அனுபவம் உண்டு. மன்னர் காலத்தில் தேக்கும் ஈட்டியும் ராஜவிருட்சங்கள். யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்குச் சொந்தம். தனக்கு உரிமையில்லாத கன்றை எந்தக் குடியானவன் ஆசையாய் வளர்ப்பான்? முளையிலேயே பிடுங்கி எறிந்துவிடத்தான் அந்தச் சட்டம் சொல்லிக்கொடுக்கும். அதைத் தளர்த்தப் போய் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தோம். பட்டய நிலத்து மரங்களைப் பற்றி 2020 அக்டோபரில் பிறந்த ஓர் உத்தரவை 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறுவதற்குள், வயநாட்டு முட்டிலில் நூற்றாண்டுகள் கண்ட ஈட்டி மரங்கள் சாய்ந்துவிட்டன. இறுக்கினாலும் போகிறது, கைவிட்டாலும் போகிறது.

வேண்டியது சின்ன ஏற்பாடு. பொது இடத்து மரத்தை வெட்ட ஏற்கெனவே 2010ஆம் ஆண்டு உத்தரவின்படி ஒரு குழு இருக்கிறது. உள்ளாட்சித் தலைவரும் வனத்துறை அலுவலரும் அதில் உண்டு. வணிகக் கட்டடத்துக்கு இடைஞ்சல் என்ற காரணத்துக்காகச் சாலையோர மரத்தை வெட்ட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னபோது இந்தக் குழுவைத்தான் சுட்டிக்காட்டியது. தனியார் வளவு மரத்துக்கு நோட்டீஸ் போகும் முன்னால் அந்தக் குழுவிலிருந்து மரம் அறிந்த ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். கட்டுவதா, கழிப்பதா, வெட்டுவதா என்று காரணத்தோடு எழுதட்டும். கழிக்கலாம் என்றால் அந்தக் கூலியில் ஒரு பங்கை வீட்டு வரியில் மாநகராட்சி கழித்துக்கொடுக்கட்டும். வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டட்டும், யாரும் மறுக்கப்போவதில்லை.

அதுவரைக்கும் நோட்டீஸ் வந்த வாசகர்கள் பதறிப் போய்த் தடி வியாபாரியை அழைக்க வேண்டாம். செயலாளருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். கிளை கழித்தால் ஆபத்து தீரும் என்று எழுதி, நேரில் வந்து பார்க்கக் கேளுங்கள். புகார் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) போய், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் உத்தரவு வந்தாலும், முன்னிலையாகிக் காரணம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மரமேறியை ஏப்ரல் முதல் வாரத்திலேயே பேசி வையுங்கள். மே கடைசியில் தேடினால் கொப்பு கழிக்கத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார், வாள் வைத்திருப்பவர்தான் கிடைப்பார்.