கண்ணாடி மண்டபத்தில் விருந்து! ஒரே இரவில் 4¾ லட்சம் யூரோ செலவு

2023-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி இரவு. பாரீசுக்கு அருகே உள்ள வெர்சேல்ஸ் அரண்மனையில் பெரிய விருந்து. விருந்தாளி, இங்கிலாந்து மன்னர் சார்லஸ். விருந்து கொடுத்தவர், பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன். விருந்து நடந்த இடம் கண்ணாடி மண்டபம்.

மறு ஆண்டு, அரசாங்கக் கணக்குகளைச் சரிபார்க்கும் மன்றம் அந்தச் செலவை வெளியிட்டது. ஏறக்குறைய 4 லட்சத்து 75 ஆயிரம் யூரோ! நம் ஊர்ப் பணத்தில் 4 கோடி ரூபாய்க்கு மேல்.

ஜனங்கள் முணுமுணுத்தார்கள். காரணம் இருந்தது. சார்லஸ் மார்ச் மாதமே வர வேண்டியவர். அப்போது ஓய்வு பெறும் வயதை 62-ல் இருந்து 64 ஆக உயர்த்த அரசாங்கம் முனைந்தது. தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். குப்பை அள்ளுவோரும் வேலைநிறுத்தம் செய்ததால், பாரீஸ் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. மன்னரின் பயணம் தள்ளிப் போயிற்று. ஆறு மாதம் கழித்து வந்தவருக்குத்தான் இந்த விருந்து.

பாரீசில் மண்டபத்துக்கா பஞ்சம்? ஜனாதிபதி மாளிகையிலேயே விருந்து வைத்திருக்கலாமே! ஏன் வெர்சேல்ஸ்?

ராஜாவின் ஆசை

இந்த மண்டபத்தைக் கட்டியவர் 14-ம் லூயி மன்னர். 1678-ல் தொடங்கிய வேலை 1684-ல் முடிந்தது. நீளம் 73 மீட்டர். ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த 17 பெரிய ஜன்னல்கள். எதிர்ச்சுவரில் அவற்றுக்கு நேராக 17 கண்ணாடி வளைவுகள். மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வெளியே இருக்கும் தோட்டம் சுவருக்குள்ளும் தெரியும். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் இரண்டு எரியும்!

ஒரு வளைவுக்கு 21 கண்ணாடிகள். மொத்தம் 357. ஒரே கண்ணாடியாகப் போட்டிருக்கக் கூடாதா? அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கண்ணாடி செய்யத் தெரியாது. நல்ல கண்ணாடி என்றால் வெனிஸ் நகரத்துக் கண்ணாடிதான். தொழில் ரகசியம் வெளியே போகாதபடி அந்த நகரம் தன் தொழிலாளர்களைக் கட்டிக் காத்தது. லூயியின் மந்திரி கோல்பேர் ஆசை காட்டிச் சிலரை அழைத்து வந்தார். 1665-ல் பிரான்சிலேயே கண்ணாடித் தொழில் தொடங்கியது. அன்று ராஜாவுக்காகத் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் இன்றைய செயின்ட் கோபைன். 2000-ம் ஆண்டு முதல் அதற்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை உண்டு!

பளபளப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. அந்நாளில் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் பூசுவார்கள். பாதரச ஆவி பொல்லாத நஞ்சு. அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும். ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் 1835-ல் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகே அந்தக் கொடுமைக்கு ஒரு வழி பிறந்தது.

லூயி இந்த மண்டபத்தில் வெள்ளி மேஜை, வெள்ளி விளக்கு எல்லாம் வைத்திருந்தார். 1689-ல் போர்ச் செலவுக்குப் பணம் இல்லை. அத்தனையும் உருக்கப்பட்டன. கண்ணாடிகள் மட்டும் தப்பின. கண்ணாடியை உருக்கிக் காசு அடிக்க முடியாதே!

பழிக்குப் பழி

1871-ல் பிரான்சு ஜெர்மானியரிடம் தோற்றது. வென்றவர்கள், தங்கள் புதிய சாம்ராஜ்யத்தை எங்கே பிரகடனம் செய்தார்கள் தெரியுமா? ஜனவரி 18-ந் தேதி, இதே மண்டபத்தில்! பிரெஞ்சுக்காரர்கள் அதை மறக்கவில்லை. 48 ஆண்டுகள் காத்திருந்தார்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை 1919 ஜூன் 28-ந் தேதி இங்கேயே வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். இந்தியாவின் பெயரால் அன்று கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பிகானிர் மகாராஜா கங்கா சிங்.

1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் இங்கேதான் விருந்து. இங்கே உட்கார வைத்தால், வந்தவரின் கௌரவமும் கூடும், அழைத்தவரின் கௌரவமும் கூடும். 2020-ல் ஐரோப்பிய யூனியனை விட்டுப் பிரிட்டன் விலகிய பிறகு, இரு நாடுகளுக்கும் உறவு கசந்திருந்தது. அதைச் சரி செய்ய மக்ரோனுக்கு இந்த மண்டபம் தேவைப்பட்டது. அந்த நோக்கம் தவறல்ல. ஆனால், குப்பை குவிந்த அதே ஆண்டில் இவ்வளவு செலவு தேவையா என்று வரி கட்டியவன் கேட்டதும் நியாயமே.

லூயி ராஜாவிடம் அப்படிக் கேட்க ஆள் இல்லை. இப்போது கணக்கு மன்றம் கேட்டது. ஜனாதிபதி மாளிகையின் 2023-ம் ஆண்டுக் கணக்கில் 83 லட்சம் யூரோ துண்டு விழுந்தது என்றது. விருந்துச் செலவையும் வகை பிரித்துக் காட்டியது. சாப்பாட்டுக்கு 1 லட்சத்து 66 ஆயிரம் யூரோ. பானங்களுக்கு மட்டும் 40 ஆயிரத்துக்கு மேல்!