கோளரங்கம் ஆலை வாயிலுக்கு வரட்டும்

சித்திரை பிறந்துவிட்டது. பஞ்சாங்கம் படிப்போரும் புறப்பட்டுவிட்டனர். இந்த ராசிக்கு ஆதாயம் இத்தனை, அந்த ராசிக்கு விரயம் இத்தனை என்று கணக்குச் சொல்லித் தட்சணை வாங்குகிறார்கள். நாமும் இன்று வானத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நாம் கேட்பது தட்சணை அல்ல. தோழர்களின் மாலைப்பொழுதில் ஒரு மணி நேரம்!

சென்னைக் கோட்டூர்புரத்தில் 1988-இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம் இருக்கிறது. திருச்சியில் அண்ணா அறிவியல் மையத்தில் மற்றொன்று. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை. நடுவே ஒரு கருவி. விளக்கை அணைத்தால் கூரை முழுவதும் விண்மீன்கள். ஓராண்டில் வானத்தில் நடப்பதைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டுவார்கள். பார்த்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாராதவர்களுக்குச் சொல்லி விளங்காது.

இந்தக் கருவி எங்கே பிறந்தது தெரியுமா? அரண்மனையில் அல்ல, மடத்தில் அல்ல, தொழிற்சாலையில்! ஜெர்மனியில் ஜேனா நகரத்தின் ஜெய்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள். 1923 ஆகஸ்டில் முதல் சோதனைக் கவிகை எழுந்தது அந்தத் தொழிற்சாலையின் கூரை மேலேதான். அதே ஆண்டு அக்டோபரில் மியூனிக் நகரக் காட்சிசாலையில் அதை இயக்கிக் காட்டினார்கள். கண்ணாடி தேய்த்த கைகளும் பல்சக்கரம் கடைந்த கைகளும் சேர்ந்து வானத்தைக் கூரைக்குள் கொண்டுவந்தன.

அப்படிப் பிறந்த கோளரங்கத்திற்குள் இன்று போகிறவர் யார்? பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். போகட்டும், மகிழ்கிறோம். அந்தப் பிள்ளையின் தகப்பன்? காட்சிகள் பெரும்பாலும் பகலில். பகலில் அவன் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறான். வானம் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டும் நல்ல காரியத்தையும் கோட்டூர்புரத்தார் நடத்தி வந்திருக்கிறார்கள்; பாராட்டுகிறோம். ஆனால் எண்ணூரிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஷிப்டு முடிந்து, மனைவி மக்களோடு பஸ் மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி இரவு போய்விடுமே!

வயிற்றுக்கே போதவில்லை, விண்மீன் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தோழர், மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை வாசற்படி ஏறி இறங்குகிறார்! செவ்வாய் தோஷம் என்று ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டான். பெண் படித்திருக்கிறாள், குணவதி, உழைப்பாளி. எல்லாம் சரி, செவ்வாய் சரியில்லையாம்! பரிகாரத்திற்குக் கடன், கடனுக்கு வட்டி. அந்தப் பெண்ணின் வயதும் ஏறுகிறது.

அந்தச் செவ்வாயை அந்தத் தகப்பனுக்கு ஒருவர் தொலைநோக்கியில் காட்டினாரா? பூமியின் குறுக்களவில் ஏறத்தாழப் பாதியே உள்ள உருண்டை அது. நம்மை மிக நெருங்கும்போதும் ஐந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. அதன் மண்ணில் இரும்பு இருக்கிறது. அந்தச் செந்நிறம் துருவின் நிறம். பட்டறைத் தோழனுக்குத் துரு புதிதா? துருப்பிடித்த உருண்டை ஒன்று தன் மகளின் கழுத்தில் தாலி ஏறாமல் தடுக்கும் என்று அவன் நம்புவானா? 2013-இல் இங்கிருந்து புறப்பட்ட மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் அந்தச் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பையா அருணன். அவர் அனுப்பியது பரிகாரம் அல்ல, கலம்!

சென்னைக்கு வானியல் நேற்று வந்ததல்ல. 1792-இலேயே நுங்கம்பாக்கத்தில் கம்பெனியார் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். கப்பலுக்கும் நில அளவைக்கும் கணக்கு வேண்டியிருந்தது, கட்டினார்கள். கல் சுமந்தவனுக்கு வானம் காட்ட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதே கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைவிட நாம் பெரிதாக மதிப்பது வேறொன்றை. 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்தபோது, அது என்ன நிகழ்ச்சி என்று விளக்கி, நாட்டு மொழிகள் பலவற்றில் சிறுநூல் வெளிவரச் செய்தார். பெரிய கருவிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர், வெளியே நின்ற மக்களை மறக்கவில்லை. இன்றைய கோளரங்கத்தாரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுவே.

இளவேனில் இரவு இதற்கு ஏற்றது. மழை மேகம் குறைவு. வெளியே பாய் விரித்துப் படுக்கும் காலம். வடக்கே ஏழு மீன்கள் கரண்டி போல் நிற்கும். அதுவே சப்தரிஷி மண்டலம். அந்தக் கரண்டியின் காம்பு வளைவை அப்படியே நீட்டினால் செம்மஞ்சளாகச் சுவாதி. இன்னும் நீட்டினால் வெண்ணீலமாகச் சித்திரை. மாதத்துக்கே பெயர் கொடுத்த மீன் அது. சித்திரைப் பௌர்ணமியன்று நிலவு அதை ஒட்டியோ சற்றுக் கடந்தோ நிற்கும். அன்று ஆற்றங்கரையில் கூடும் கூட்டத்தில் அதை அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகின்றன. உன் ஜாதகத்தைப் பார்த்து அது புறப்படவில்லை, தோழா! இரவு பத்தரை மணிக்குத் தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, திரிசங்கு என்னும் தென்சிலுவையும் தெரியும். லண்டனில் இருப்பவனுக்கு அந்தக் காட்சி கிடையாது.

தொலைநோக்கியே வேண்டாத காட்சி ஒன்றும் வருகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் உச்சிப்பொழுதில், ஏறத்தாழ 12 மணி 7 நிமிடத்திற்கு, சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வெளியே நிழல் இராது, உள்ளே ஒளி தரைவரை இறங்கும். கன்னியாகுமரியில் அந்த நாள் ஏப்ரல் 10-ஐ ஒட்டியே கழிந்துவிட்டது. ஆகவே 24-ஆம் நாள் உச்சியில் குமரியில் நிற்கும் ஒரு மீட்டர் கம்பிக்கு, ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, தெற்கு நோக்கி நிழல் விழும். அதன் கோணம் 5 பாகை. முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் தென்வடலாக ஏறத்தாழ 555 கிலோமீட்டர். 72-ஆல் பெருக்குங்கள், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் உங்கள் கையில்! எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கு இது. சாப்பாட்டு இடைவேளையில் ஆலை முற்றத்தில் நாம் செய்ய முடியாதா?

கோளரங்கத்தாருக்கு நமது வேண்டுகோள் இதுதான். ஞாயிறு மாலை ஷிப்டு விட்டு வருகிறவனுக்காகத் தமிழில் ஒரு காட்சி வையுங்கள். தொலைநோக்கியை வண்டியில் ஏற்றித் தொழிலாளர் குடியிருப்புக்கு அனுப்புங்கள். வரும் தேதியைச் சங்கத்திற்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வரிப்பணத்தில் அவன் பணமும் இருக்கிறது. வண்டி வந்தால் தெருவிளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பது நம் பொறுப்பு. நாற்காலி போடுவதும் படிப்பகத் தோழர்களின் பொறுப்பு. பெண்களுக்கு முதல் வரிசை.

வண்டி வரும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. குமரித் தோழர்கள் ஒரு மீட்டர் கம்பியும் அளவுகோலும் தயாராக வைத்திருங்கள். 24-ஆம் நாள் உச்சியில், நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளந்து கொள்ளுங்கள். மாலையில் சென்னையிலிருந்து தொலைபேசியில் கேட்கிறோம்.