முதுகில் ஆபரேஷன், கண்ணில் இருட்டா? முன்கூட்டியே சொல்லுங்கள், டாக்டர்!

பொம்மிடி ரயில் நிலையம். சேலம் போகும் ரயிலுக்குக் காத்திருந்தேன். பெஞ்சில் தெரிந்த முகம். வெற்றிலை வியாபாரி. இடுப்பில் பெல்ட். மடியில் பெரிய ஸ்கேன் கவர்.

"என்னண்ணே, உடம்புக்கு?"

"முதுகெலும்பு இடம் நகர்ந்து போச்சாம்ப்பா. நாலஞ்சு இடத்துல ஸ்குரூ போட்டு கம்பி வைக்கணுமாம். ஏழு எட்டு மணி நேரம் ஆகுமாம். பையன் கையெழுத்துப் போட்டுட்டான்."

"எதுல?"

"யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். கால் விளங்காம போனாலும் போகலாம்னு மட்டும் சொன்னாங்க."

"கண்ணைப் பத்தி?"

சிரித்துவிட்டார். "முதுகுக்கும் கண்ணுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது!

குப்புறப் படுத்தால்...

முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். பல மணி நேரம் அப்படியே கிடந்தால் முகம் வீங்கும். தலை தாழ்ந்திருந்தால் ரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். இந்தப் பக்கம் முதுகில் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமல் நரம்பு பட்டுப்போகும். கண்ணில் காயம் இருக்காது, வலி இருக்காது. விழித்துப் பார்த்தால் இருட்டு. முகம் தலையணையில் அழுந்தி விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலும் பார்வை போகும்.

அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் 1999-ல் இதற்கென்றே ஒரு பதிவேடு தொடங்கியது. 2006-ல் அதிலிருந்த 93 முதுகெலும்பு கேஸ்களை ஆராய்ந்தார்கள். 83 பேருக்கு பார்வை நரம்பு பாதிப்பு. 10 பேருக்கு ரத்தக்குழாய் அடைப்பு. நரம்பு பாதித்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் விஷயத்தில் ஒன்று ஆபரேஷன் மயக்கம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ, அல்லது ரத்த இழப்பு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ! நரம்பு பட்டுப்போனால் திருப்பிக் கொண்டுவர உறுதியான வைத்தியம் இன்றைக்கும் கிடையாது.

பதற வேண்டாம். அபூர்வமான விபத்துதான். எலும்பை இணைக்கும் ஆபரேஷன்களில் பத்தாயிரம் பேரில் மூன்று பேர் என்று அமெரிக்காவில் ஒரு கணக்கு சொல்கிறது. பிறகு அதுவும் குறைந்திருக்கிறது. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் முடியும் சின்ன டிஸ்க் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. என் வழக்கு ஆபரேஷனோடு அல்ல. அந்த இங்கிலீஷ் காகிதத்தோடு!

"சொன்னா ஓடிடுவாங்க"

"எல்லாத்தையும் சொன்னால் ஜனங்க பயந்து ஓடிடுவாங்க சார்" என்பது டாக்டர்கள் பக்கத்து நியாயம். தள்ளிவிட முடியாத நியாயம்தான். நம் சுப்ரீம் கோர்ட்டே 2008 ஜனவரி 16-ல் தந்த தீர்ப்பில், எங்கோ ஒருவருக்கு நேரக்கூடிய அபாயத்தைச் சொல்லி நோயாளியைக் குழப்ப வேண்டாம் என்றது. ஆனால் அதே தீர்ப்பு, முக்கியமான அபாயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. வயது வந்த, நினைவுள்ள நோயாளிக்குப் பதிலாகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றும் சொன்னது. அப்படியானால் நம் வெற்றிலைக்காரருக்கு மகன் போட்ட கையெழுத்து?

ஆஸ்திரேலியாவில் ஒரு பெண். ஒரு கண் ஏற்கெனவே போனது. அந்தக் கண்ணில் ஆபரேஷன். "நல்ல கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கவலையோடு கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் எச்சரிக்கவில்லை. நல்ல கண்ணும் போனது. பதினாலாயிரத்தில் ஒருவருக்கு வரும் அபாயம்தான். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும் என்று 1992-ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது.

பத்தாயிரத்தில் மூன்று அதைவிடப் பெரிது இல்லையா? நீண்ட நேரம் பிடிக்கும், ரத்தம் அதிகம் போகும் ஆபரேஷன் என்றால் கண் அபாயத்தை நோயாளியிடம் சொல்வதை யோசியுங்கள் என்று அந்த அமெரிக்க டாக்டர்களே 2006-ல் தங்கள் ஆட்களுக்கு அறிவுரை எழுதி வைத்திருக்கிறார்கள். தலையை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே விடாதே, கண்ணில் எதுவும் அழுத்தாமல் அடிக்கடி பார், ரொம்ப நீளும் என்றால் இரண்டு தடவையாகச் செய்வதை யோசி, விழித்ததும் பார்வையைச் சோதி என்றும் அதில் இருக்கிறது. சொல்ல ஐந்து நிமிஷம். தமிழில் சொன்னால் அதுகூட ஆகாது.

நம் ஆட்களிடமும் குறை உண்டு. சந்தையில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கினால் பிரித்துப் பார்த்து, அழுகலைத் தள்ளிவிட்டுத்தான் காசு கொடுக்கிறோம். ஆஸ்பத்திரி காகிதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து!

எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்போ நான் ஆபரேஷன் பண்ணிக்கவா, வேண்டாமா?"

"பண்ணிக்குங்கண்ணே. வலியோட எத்தனை நாள் கூடை தூக்குவீங்க? ஆனா கேட்டுட்டுப் பண்ணிக்குங்க."

ஸ்கேன் கவரை நீட்டினார். "எனக்குக் கோர்வையா கேட்க வராதுப்பா. இதும் பின்னாடி எழுதிக் கொடு."

எழுதினேன். எத்தனை மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும்? எவ்வளவு ரத்தம் போகும்? கண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள்? கண் முழித்ததும் பார்வையைச் சோதிப்பீர்களா?

நாலாவது கேள்வி முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி ஏறினார்.