அடித்தாரா என்று மட்டும்தான் கேட்பீர்களா?



கணவரோடு வாழ முடியவில்லை என்று ஒரு பெண் தாய் வீடு வந்து சேர்கிறாள். வாப்பா கேட்கும் முதல் கேள்வி, "மாப்பிள்ளை அடிச்சாரா?" இல்லை. ஜமாஅத்தில் கேட்கிறார்கள், "குடிக்கிறாரா? செலவுக்குக் கொடுக்கவில்லையா? வேறு பெண்ணோடு தொடர்பா?" இல்லை. "பிறகென்னம்மா குறை? ஸபூர் செய்து போம்மா!" இத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

அவள் சொல்ல வந்ததைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. காலை முதல் இரவு வரை ஏச்சு. நிறத்தைச் சொல்லிக் குத்தல். வாப்பாவின் தொழிலைச் சொல்லி ஏளனம். பெற்ற தாயிடம் தொலைபேசியில் பேசினாலும் சந்தேகம். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாமல் தண்டனை. வாரம் ஒரு முறை "தலாக் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல். வளைகுடாவில் இருந்துகொண்டே, வீடியோ அழைப்பில் வீட்டின் ஒவ்வொரு அறையையும் காட்டச் சொல்லும் கணவர்களும் உண்டு. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் சில ஆண்டுகளில், தான் எதற்கும் உதவாதவள் என்று அவளே நம்பத் தொடங்கிவிடுகிறாள். இது கொடுமை இல்லையா?

மார்க்கம் திறந்த கதவு

பரிகசிப்பதையும், குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்குர்ஆன் (49:11) தடுக்கிறது. இந்தத் தடை கடைவீதிக்கு மட்டும்தானா? வீட்டு வாசற்படி ஏறியதும் காலாவதி ஆகிவிடுமா? துன்புறுத்துவதற்காக மனைவியைப் பிடித்து வைக்காதீர்கள் என்பது 2:231 தரும் கட்டளை. சேர்ந்து வாழ்ந்தால் நல்ல முறையில். பிரிந்தால் அழகிய முறையில். வாழவும் விடாமல் பிரியவும் விடாமல் வைத்திருக்கும் மூன்றாவது வழியை நாம்தான் உண்டாக்கினோம்!

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை. ஆனாலும் அவரோடு வாழ இயலாது என்றார். அவர் தந்த தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர் சம்மதித்தார். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு மணவிலக்கு அளிக்கும்படி ஸாபித்துக்குச் சொன்னார்கள். இதுவே குலா!

பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும் கணவர் முகீஸைப் பிரிந்தார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அழுதபடி அவர் பின்னால் சுற்றினார். மனமிரங்கிய நபியவர்கள், அவரிடம் திரும்பலாமே என்றார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றதும், அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். இந்த இரு நிகழ்ச்சிகளும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளன. அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையையே ஏற்காதிருக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது. அப்படியானால் நம் முத்தவல்லியின் பரிந்துரை மட்டும் எப்படிக் கட்டளை ஆனது?

சமாதான முயற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை வைத்துப் பேசச் சொல்கிறது 4:35. ஆனால் அந்த நடுவர் முன் கணவனும் நின்று பதில் சொல்ல வேண்டாமா? பெண்ணுக்கு மட்டும் அறிவுரை சொல்லி அனுப்புவது சமாதானம் அல்ல. நோயில், வறுமையில், இழப்பில் பொறுமை காப்பது ஸபூர். அநியாயக்காரனுக்கு வசதி செய்து கொடுப்பதற்கு ஸபூர் என்று பெயர் வைக்காதீர்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், கொடிய கணவனிடமிருந்து விடுபட வழியில்லாமல் பஞ்சாபில் பெண்கள் மார்க்கத்தையே துறக்கும் நிலை ஏற்பட்டது. ஹனஃபி அறிஞரான மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் பதறினார்கள். மாலிக்கி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று வழி கண்டார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம். உடலைத் தொடாமல், நடத்தையாலேயே மனைவியின் வாழ்வைத் துயரமாக்குவதும் கொடுமையே என்று அச்சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது. ஆலிம்கள் திறந்த கதவு அது. நாம் ஏன் அதன் குறுக்கே நிற்கிறோம்?

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், இழிவாகப் பேசுவதையும் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவதையும் வன்முறை என்றே கணக்கிடுகிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். தனியார் ஷரீஅத் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜமாஅத் காகிதத்தை மட்டும் நம்பினால் நாளை மறுமணத்தின்போது சிக்கல் வரும்.

பிரிந்தால் மட்டும் போதுமா?

பிரிந்து வந்த பிறகும் அந்த ஏச்சு காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தொலைபேசி மணி அடித்தால் திடுக்கிடுவாள். தப்பு தன் மீதுதானோ என்று தவிப்பாள். சில நாள் திரும்பிப் போய்விடலாமா என்றும் தோன்றும். இதைப் பார்த்து, பேய் பிடித்துவிட்டது என்று தாயத்துக் கட்டாதீர்கள். தூக்கமும் உணவும் கெட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நீ செய்தது தவறில்லைம்மா" என்று வாப்பா சொல்லும் ஒரு வார்த்தை பெரிய மருந்து.

வணிகப் பெருமக்களே! பங்காளி சரியில்லை என்றால் கணக்கை முடித்துக்கொண்டு கௌரவமாக விலகுகிறீர்கள். கடைவீதியில் அதை யாரும் மானக்கேடு என்பதில்லை. மகள் விலகி வந்தால் மட்டும் தலைகுனிவா? அவளுக்கு வீட்டில் ஓர் அறை கொடுங்கள். நகையையும் சீரையும் கணக்குப் பார்த்து மீட்டுக் கொடுங்கள். படிப்பையோ தொழிலையோ தொடர உதவுங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தவர்கள் அல்லவா?

இளைஞர்களே! கைக்கூலி வாங்காமல் மஹர் கொடுத்து மணக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ்! மஹர் கொடுத்தவன் நாவையும் அடக்க வேண்டும். சகோதரிக்கு வரன் பார்க்கும்போது சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டவர்களில் ஒருவர் கைத்தடியைக் கீழே வைக்காதவர் என்று நபியவர்களே எச்சரித்தார்கள். எனவே மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிக் கேட்பதும், கேட்டால் உண்மையைச் சொல்வதும் புறம் அல்ல.

மஹல்லா நிர்வாகிகளே! விசாரணையில் கற்றறிந்த இரண்டு பெண்களை அமர்த்துங்கள். மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள். விலகி வந்தவளின் மறுமணத்துக்கு முன்னின்று உதவுங்கள்.

பிரியும் இருவரையும் தன் அருளால் தேவையற்றவர்களாக்குவதாக அல்லாஹ் வாக்களிக்கிறான் (4:130). அவன் வாக்களித்த வாழ்வை நம் கௌரவத்தின் பெயரால் தட்டிப் பறித்துவிட்டு மறுமையில் அவனுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்? வல்ல அல்லாஹ் நம் வீடுகளை நிம்மதியின் இல்லங்களாக ஆக்குவானாக! ஆமீன்.