குடுமி இல்லாத சாதி

சாதியைக் கேலி செய்து ஒரு மீம் போட வேண்டும் என்றால் நம் கைக்கு முதலில் வருவது குடுமிதான். பூணூல்கூட அப்புறம்தான். மழித்த தலையும் பின்னால் ஒரு முடிச்சும் வரைந்துவிட்டால் போதும், யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். 'உச்சிக்குடுமி' என்று ஒரு சொல் எழுதினாலே சிரிப்பு அள்ளும். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொள்பவன்தான். ஆனால் அது யாரைத் தப்பவிடுகிறது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குடுமி எப்போதும் ஒரு சாதிக்கான சொல்லாக இருந்ததில்லை. புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார் பாடும் பாண்டியன் நெடுஞ்செழியன், சிறுவயதுக் குடுமியைக் களைந்த கையோடு போர்க்களத்தில் நிற்கும் இளைஞன். பெரியபுராணத்தில் வேடரான திண்ணன் காளத்தி மலையில் தேடிப் போகும் தெய்வத்தின் பெயர் குடுமித்தேவர். மலையுச்சிக்குக் குடுமி என்று பெயர். பறவையின் கொண்டைக்கும் அதே பெயர். தேங்காய்க்கும் குடுமி உண்டு. பழைய வீட்டுக் கதவு எந்த முளையில் சுழல்கிறதோ அந்த முளையும் குடுமிதான்.

நம் வழக்கில் இருக்கும் 'குடுமிப்பிடிச் சண்டை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது இரண்டு குடுமிகள் வேண்டும். தெருவில் சண்டை போட்ட எவருக்கும் குடுமி இருந்த காலத்தில்தான் இப்படி ஒரு சொல் பிறக்க முடியும். 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் உழவர், கைவினைஞர், வணிகர் என்று பலர் தலையிலும் அதைப் பார்க்கலாம். கிறித்தவத்துக்கு மாறியவர்கள் குடுமியை வெட்ட வேண்டுமா என்று 1860-களில் மிஷனரிகளுக்குள் பெரிய சர்ச்சையே நடந்தது. அது சாதியின் சின்னம், வெட்டு என்றார்கள் ஒரு தரப்பார். கால்டுவெல் அதை மறுத்து, குடுமி இந்த நாட்டின் பொதுவான சிகை வழக்கம் என்று எழுதினார்.

பிறகு ஆங்கிலப் பள்ளி, பட்டாளம், கச்சேரி, நகரத்து சலூன் வழியாகக் கிராப்பு வந்தது. பெரும்பாலோர் குடுமியை வெட்டினார்கள். அலுவலகம் போன பார்ப்பனர்களும் வெட்டினார்கள். கோயிலிலும் வைதிகத்திலும் இருந்தவர்களிடம் மட்டும் அது தங்கிவிட்டது. சுயமரியாதை இயக்கம் புரோகிதத்தின் அதிகாரத்தை எதிர்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்த அந்த அடையாளத்தை ஆயுதமாக எடுத்தது. அன்றைக்கு அதற்குத் தேவை இருந்தது. புனிதம் என்று மிரட்டிய ஒன்றைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தது சின்ன காரியமல்ல.

ஆனால் முடியை வெட்டியவர்கள் சாதியை வெட்டவில்லை. ராஜாஜிக்குக் குடுமி இல்லை. அந்தத் தலையிலிருந்துதான் 1953-இல் குலக்கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. முடிதிருத்துபவரின் மகன் கையில் சவரக்கத்தியே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதைக் கண்காணிப்புக் கேமரா வழியாக நாடே பார்த்தது. அந்தக் காட்சியில் குடுமிக்கு வேலையே இல்லை. கிராப்பும் மீசையும் வைத்த சாதி அது. நம் மீம்களில் அது வருவதில்லை. பல நேரம் அந்த மீம்களை விரும்பிப் பகிர்பவர்களின் வீட்டிலேயே அது இருக்கிறது.

தலைமுடிக்கும் சாதிக்கும் இன்றுள்ள உறவைப் பார்க்க வேண்டுமானால் அக்கிரகாரத்துக்குப் போக வேண்டாம், ஊர் சலூனுக்குப் போனால் போதும். தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகளைப் பற்றிய செய்திகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. தீண்டாமையைக் காட்டிச் சேவை மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். கடைக்காரர் மட்டும் முடிவெடுத்து மறுப்பதும் இல்லை. 'அவர்களுக்கு வெட்டிய கத்தி எங்களுக்கு வேண்டாம்' என்று ஊர் ஆதிக்கச் சாதி சொன்னால், தானும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அந்தத் தொழிலாளிக்குப் பிழைப்புப் போய்விடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், தலித்துகள், பழங்குடியினரின் தலையை வலுக்கட்டாயமாக மழிப்பதையும் மீசையை எடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. நடக்காத ஒன்றுக்காக யாரும் சட்டத்தில் சொற்களைச் சேர்க்க மாட்டார்கள்.

நம் பேச்சையும் கொஞ்சம் கவனிக்கலாம். குடுமியைக் கிண்டலடித்த அதே பதிவின் கீழே 'போய்ச் செரைடா' என்று ஒரு தோழர் எழுதுகிறார். மேலே இருப்பவனைத் திட்ட ஒரு சிகை, கீழே இருப்பவனின் தொழிலை இழிவாக்க ஒரு வசை. இரண்டாவதைச் சொல்லும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

'அப்படியானால் பார்ப்பனியத்தை விட்டுவிடச் சொல்கிறாயா?' என்று கேட்கலாம். இல்லை, அதைச் சரியான இடத்தில் பிடிக்கச் சொல்கிறேன். குடுமியை யாரும் வளர்க்கலாம், மந்திரத்தை யாரும் படிக்கலாம். பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கி 1970-இல் சட்டத் திருத்தம் வந்தது. பயிற்சி முடித்த பல சாதியினருக்கு அர்ச்சகராகப் பணி ஆணை கிடைத்ததோ 2021 ஆகஸ்ட்டில்தான். அதற்கும் உடனே வழக்குகள் வந்தன. கருவறைக் கதவு சுழலும் குடுமி பிறப்புதான். அது தலைமுடியில் இல்லை, அதைக் கேலியால் கழற்றவும் முடியாது.

பூசாரியின் தலையை வரைவது சுலபம், அதற்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை. அடுத்த முறை சொந்த ஊருக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். 'அண்ணே, இந்த நாற்காலியில் சேரிக்காரர்கள் உட்காருகிறார்களா?' இல்லை என்று பதில் வந்தால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரை அப்படிச் சொல்லவைப்பது யார் என்று உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் விசாரியுங்கள். குடுமிப்பிடிச் சண்டை அங்கே தொடங்க வேண்டும்.