தலைமன்னார்ப் படகில் எங்கள் கதைக்கு இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த பள்ளி விடுமுறையில் பூண்டுலோயாவிலிருந்து எங்கள் குடும்பத்தார் பதினான்கு பேர் வேன் பிடித்து மன்னார் பார்க்கப் போனோம். திரும்பி வந்து ஒரு மாதமாகியும் எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று வேன் ஓடியது. அந்த வழியாகத்தான், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டையும் காய்ச்சலையும் கடந்து மலைக்கு நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்ததாக அம்மாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் போனோம்.

தலைமன்னாரில் சுற்றுலாப் படகில் ஏறினோம். விளக்கம் சொல்ல வந்த தம்பி நல்ல பிள்ளை. இராமர் பாலத்தைப் பற்றிச் சொன்னார். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியதையும், 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனதையும் சொன்னார். பெருக்கமரம், கழுதைகள், பூநாரை எல்லாம் அவர் பேச்சில் வந்தன. கரையோரம் துருப்பிடித்து நிற்கும் பழைய இறங்குதுறையைக் காட்டி, "அந்தக் காலத்துக் கப்பல் துறை" என்றார். அவ்வளவுதான்.

என் பேரன் கேட்டான்: "அம்மாயி, நம்ம ஆளுங்க எங்க எறங்குனாங்க?"

தம்பியிடம் கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரல்லம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லித் தர வேண்டியவர்கள் மேல்தான் கோபம்.

இறங்குதுறைக்கு அருகே போய்ப் பார்த்தேன். பலகைகள் போய்விட்டன. இரும்புத் தூண்கள் உப்பில் ஊறி, தொட்டால் செதில் செதிலாக உதிர்கின்றன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபின், இந்தியக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பிய தொழிலாளர்கள் இந்தக் கரையில்தான் வந்து இறங்கினார்கள். அதற்கு முன் வந்தவர்கள் தோணியிலும் பாய்க்கப்பலிலும் வந்தார்கள். 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி எங்கள் ஆட்கள் 120 பேர் கடலோடு போனார்கள்.

வந்தது மட்டுமல்ல, போனதும் இதே துறை வழியாகத்தான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எங்களைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். அந்த ஒப்பந்தப்படி என் பெரியம்மா குடும்பம் இந்தியாவில் கோத்தகிரிக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. தலவாக்கலை ஸ்டேசனில் பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மாவின் விரலை விடவே இல்லை. கோச்சி நகர்ந்தபோது அம்மா பிளாட்பாரம் முடியும்வரை கூடவே ஓடினார். அந்த வண்டிக்கு எங்கள் ஊரில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அதில் தலைமன்னார் வந்து இராமானுஜம் கப்பலில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் பிறகு தம் சொந்தத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

2023இல், மலையகத்தார் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். நடந்தவர்களுக்குத் தெரிந்த இந்தக் கதை, காசு கொடுத்துப் படகேறும் பயணிக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது? கோட்டை கட்டியவனின் ஆண்டைச் சொல்லும் வாய், தேயிலைக் காட்டை உண்டாக்கியவன் இறங்கிய இடத்தைச் சொல்ல வேண்டாமா? நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்கள் நாங்கள். அந்தக் கரையில் நாங்களும் சரித்திரம்தான்.

சுற்றுலாவுக்கும் தொல்பொருளுக்கும் பொறுப்பான அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. இறங்குதுறை வாசலில், படகேறும் எவரும் பார்க்காமல் தாண்டிப் போக முடியாதபடி, மூன்று மொழிகளிலும் இந்த வரலாற்றை எழுதி வையுங்கள். படகில் விளக்கம் சொல்லும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் மலையகப் பிரதிநிதிகளும் இதைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இராமேஸ்வரம்–தலைமன்னார்ப் படகுச் சேவையை மீண்டும் தொடங்குவது பற்றி 2024 டிசம்பர் கூட்டறிக்கையில் இரு நாடுகளும் பேசியிருக்கின்றன. தொடங்கட்டும், கோத்தகிரிச் சொந்தங்களைப் பார்க்க நானே முதல் ஆளாகப் போவேன். ஆனால் புதிய துறை கட்டும்போது, அந்தப் பழைய தூண்களைப் பிடுங்கி இரும்புக் கடைக்கு ஏலம் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பூண்டுலோயா.